ஆவா சிறையருகே ஒரு கைக்குழந்தை: ஜட்சன் குடும்பத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவுக்குச் சென்ற மிஷனரி அதோனிராம் ஜட்சனின் வரலாறு தமிழ்ச் சபைகளில் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. சிறை, கால் விலங்கு, தலையணைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றப்பட்ட புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதி ஆகியவற்றைப் பலரும் அறிவார்கள். ஆனால் அதே மாதங்களில் அவருடைய மனைவி ஆன் அம்மையார் பச்சிளங்குழந்தை ஒன்றை எப்படி உயிரோடு வைத்திருந்தார் என்பதைப் பிரசங்கங்கள் இரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றன. வாலிபர் கூட்டங்களிலும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களிடமிருந்தும் வரும் கேள்விகளோ பெரும்பாலும் அந்தக் குழந்தையைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஆன் அம்மையார் 1826 மே 26 அன்று ரங்கூனிலிருந்து கணவரின் சகோதரருக்கு எழுதிய நீண்ட கடிதமே இங்கே சொல்லப்படும் சிறைக்காலச் செய்திகளில் பெரும்பகுதிக்கு ஆதாரம்.

கேள்வி: இவர்கள் எப்போது, எப்படிப் பர்மாவுக்கு வந்தார்கள்?

அதோனிராம் ஜட்சனும் ஆன் ஹேசல்டைனும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். 1812 பிப்ரவரி 5 அன்று திருமணம் செய்துகொண்டு, இரண்டே வாரங்களில், பிப்ரவரி 19 அன்று கப்பலேறினார்கள். அப்போது ஆன் அம்மையாருக்கு வயது 22. கல்கத்தாவில் தங்குவதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் தராததால் மொரீசியஸ் தீவுக்கும், அங்கிருந்து சென்னைக்கும் அலைந்து, 1813 ஜூலை 13 அன்று ரங்கூன் சேர்ந்தார்கள். பர்மா அப்போது கொன்பவுங் அரச மரபின் ஆட்சியிலிருந்த தனி நாடு. எந்த மேலைநாட்டு அரசின் பாதுகாப்பும் அங்கே அவர்களுக்கு இல்லை.

கேள்வி: பிள்ளைப்பேறு எவ்வளவு ஆபத்தாக முடியலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா?

தெரிந்திருந்தது. அவர்களோடு அதே கப்பலில் வந்த ஹேரியட் நியூவெல் என்ற இளம் மிஷனரியின் முடிவே அதை அவர்களுக்குக் காட்டிவிட்டது. கல்கத்தாவிலிருந்து வெளியேற்றப்பட்டு மொரீசியஸுக்குக் கடலில் சென்றுகொண்டிருந்தபோது ஹேரியட்டுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து, ஐந்து நாளில் இறந்தது. 1812 நவம்பர் 30 அன்று, 19 வயதில், ஹேரியட்டும் காசநோயால் இறந்தார். ஜட்சன் தம்பதியர் மொரீசியஸில் வந்து இறங்கியபோதுதான் இந்தச் செய்தியைக் கேட்டார்கள். ஆன் அம்மையாருக்கு ஹேரியட் பயணத் தோழி மட்டுமல்லர். திருமணத்துக்கு முன்பே பழகிய தோழியும்கூட. அதற்குப் பிறகும் இருவரும் ஊர் திரும்பவில்லை.

கேள்வி: முதல் குழந்தை எங்கே பிறந்தது?

சென்னையிலிருந்து ரங்கூனுக்குச் செல்லும் வழியில், கடலில். கர்ப்பிணியான ஆன் அம்மையாருக்குத் துணையாகச் சென்னையில் ஓர் ஐரோப்பியப் பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். கப்பல் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே அந்தப் பெண் திடீரென்று விழுந்து இறந்துபோனார். மருத்துவரோ மருத்துவச்சியோ இல்லாத அந்தக் கப்பலில், கணவர் மட்டும் அருகில் இருக்க, குழந்தை இறந்தே பிறந்தது. ரங்கூனில் இறங்கியபோது ஆன் அம்மையாரால் நடக்கவும் முடியவில்லை.

கேள்வி: ரங்கூனில் பிறந்த குழந்தைக்கு என்ன ஆயிற்று?

1815 செப்டம்பர் 11 அன்று ரோஜர் வில்லியம்ஸ் என்ற ஆண் குழந்தை பிறந்தது. ஊர் மக்கள் வெள்ளைக் குழந்தையை வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஜட்சன் மொழிபெயர்ப்பு வேலையில் அமர்ந்திருக்கும்போது குழந்தை பாயில் படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். சில மாதங்களில் குழந்தைக்கு இரவுக் காய்ச்சலும், பின்னர் இருமலும் வந்தன. அந்த ஊரில் மருத்துவம் சற்றே அறிந்தவராக ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் மட்டுமே இருந்தார். 1816 மே 4 அன்று, எட்டு மாதம் நிறையும் முன்பே குழந்தை இறந்தது. அன்று பிற்பகலே வீட்டருகே மாந்தோப்பில் அடக்கம் செய்தார்கள். பர்மியர்களும் போர்த்துக்கீசியர்களுமாக அக்கம்பக்கத்தார் நாற்பது ஐம்பது பேர் உடன் வந்தார்கள். பிறகு ரங்கூன் ஆளுநரின் மனைவி பெரிய பரிவாரத்தோடு துக்கம் விசாரிக்க வந்து, தமக்கு ஏன் சொல்லியனுப்பவில்லை என்று கேட்டு வருந்தினார். மதமாற்றத்துக்கு வந்தவர்கள் என்ற சந்தேகம் அரசாங்கத்துக்கு இருந்த காலத்திலேயே, குழந்தையை இழந்த வீட்டுக்கு அந்தப் பெண்மணி வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: மூன்றாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது தலைநகரான ஆவாவில் ஏன் இருந்தார்கள்? போர் வருவது தெரியாதா?

ஈரல் நோயால் நலிந்திருந்த ஆன் அம்மையார் 1821-இல் சிகிச்சைக்காகப் பர்மாவிலிருந்து புறப்பட்டு, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சென்று, 1823 டிசம்பரில் திரும்பி வந்தார். உடனே இருவரும் ஆற்று வழியாக ஆவாவுக்குச் சென்றார்கள். அரசவையின் அனுமதி கிடைத்தால் ஊழியம் நிலைக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. போர் பற்றிய பேச்சு அப்போதே இருந்தது. ஆனால் தாங்கள் அமெரிக்கர்கள், ஆங்கிலேயரின் சண்டையில் தங்களுக்குப் பங்கில்லை என்று எண்ணினார்கள். 1824 மே மாதத்தில் பிரிட்டிஷ் படை ரங்கூனைப் பிடித்தது. (அந்தப் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் பெருந்தொகையினராக இருந்தார்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.) அதன்பின் ஆவாவிலிருந்த வெள்ளையர் அனைவரும் ஒற்றர் என்றே கருதப்பட்டார்கள். ஜூன் 8 அன்று ஜட்சன் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு மரண தண்டனைக் கைதிகளின் சிறைக்கு இழுத்துச் செல்லப்பட்டார். அப்போது ஆன் அம்மையார் கருவுற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன.

கேள்வி: கர்ப்ப காலத்தில் அவர் தனியாக என்ன செய்தார்?

அடுத்த ஏழு மாதங்களில் அரச குடும்பத்தாரையோ அதிகாரிகளையோ போய்ப் பார்த்து முறையிடாத நாள் அநேகமாக இல்லை என்று அவரே எழுதுகிறார். வீட்டிலிருந்து சிறை இரண்டு மைல். சோறு கொண்டு கொடுத்தால்தான் கைதிக்குச் சோறு. அரசு எதுவும் கொடுப்பதில்லை. காவலர்களுக்குக் காசும் துணியும் கொடுத்துக் கொடுத்துத்தான் சாப்பாட்டை உள்ளே அனுப்ப முடிந்தது. இருட்டிய பிறகு இரண்டு மைல் திரும்பி நடப்பார். அந்த நாட்டு வழக்கத்துக்கு இசைய பர்மிய உடை உடுத்தத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

இந்தப் பெண்மணியைக் ‘கணவருக்குத் துணை நின்றவர்’ என்று மட்டும் சொல்வது போதாது. சயாம் மொழியை ரங்கூனிலேயே கற்று, மத்தேயு சுவிசேஷத்தை 1819-இல் அந்த மொழியில் பெயர்த்தவர் அவர். பர்மிய மொழியில் அதிகாரிகளோடு வாதாடத் தெரிந்திருந்ததால்தான் கணவரைக் காப்பாற்ற முடிந்தது.

கேள்வி: குழந்தை மரியா எப்போது பிறந்தது? தந்தை பார்த்தாரா?

1825 ஜனவரி 26 அன்று பிறந்தது. பிறந்த இருபதாம் நாள் தாய் குழந்தையைச் சிறைக்குக் கொண்டுபோனார். மூன்று இணை விலங்குகளோடு கிடந்த ஜட்சன் அங்குதான் மகளை முதன்முதலாகப் பார்த்தார். எழுதுவதற்கு எதுவும் இல்லாத அந்தச் சிறையில் குழந்தைக்கென்று ஒரு கவிதையை மனத்திலேயே இயற்றி, பின்னர் எழுதி வைத்தார்.

கேள்வி: அவுங்பின்லே என்ற ஊரில் நடந்தது என்ன?

இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே.

1825 மே தொடக்கத்தில், மனைவிக்குத் தெரியாமலேயே கைதிகள் ஆவாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, அமரபுரத்துக்கு அப்பாலுள்ள அவுங்பின்லே கிராமத்துக்கு வெயிலில் வெறுங்காலோடு நடத்திச் செல்லப்பட்டார்கள். ஜட்சனின் பாதங்கள் கிழிந்துபோயின. வங்காள வேலைக்காரர் ஒருவர் தம் தலைப்பாகையைக் கிழித்து அவருடைய கால்களில் கட்டியதால் தொடர்ந்து நடக்க முடிந்தது. செய்தி அறிந்த ஆன் அம்மையார், மூன்று மாதக் குழந்தை மரியா, தம்மிடம் வளர்ந்து வந்த மேரி, ஆபி என்ற இரண்டு பர்மியச் சிறுமிகள், தம் வங்காளச் சமையற்காரர் ஆகியோரோடு முதலில் படகிலும் பிறகு புழுதியும் வெக்கையும் நிறைந்த மாட்டு வண்டியிலும் பின்தொடர்ந்தார். போய்ச் சேர்ந்தபோது சிறைக்குக் கூரைகூட இல்லை. ஆட்கள் மேலே ஏறி இலைகளால் வேய்ந்துகொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஜட்சன், இங்கே உன்னால் பிழைக்க முடியாதே, ஏன் வந்தாய் என்றுதான் கேட்டார்.

தங்க இடம் இல்லாததால் சிறைக்காவலர் ஒருவர் தம் வீட்டின் இரண்டு சிற்றறைகளில் ஒன்றைக் கொடுத்தார். அதில் பாதி தானியம் குவிந்து கிடந்தது. அந்த அறையில்தான் குடும்பம் ஆறு மாதம் வாழ்ந்தது. மறுநாள் காலையிலேயே மேரிக்குப் பெரியம்மை கண்டது. ஒரு பக்கம் காய்ச்சலில் பிதற்றும் சிறுமி, ஒரு பக்கம் பால் குடிக்கும் குழந்தை, சிறையில் காய்ச்சலோடும் புண்ணான கால்களோடும் கணவர். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வீட்டுக்கும் சிறைக்குமாக நடந்த ஆன் அம்மையார், மரியா தூங்கும்போது விலங்கோடு இருக்கும் தந்தையின் அருகில் ஒரு மணி நேரம் படுக்க வைத்துவிட்டு, மேரியைப் பார்க்க ஓடுவார்.

கேள்வி: ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் அவர் அம்மை குத்தினார் என்பது உண்மையா?

உண்மை. அம்மை கண்டவரின் கொப்புளத்து நீரை ஊசியால் எடுத்து, நலமாயிருப்பவரின் தோலில் சிறிதளவு ஏற்றும் பழைய முறை அது. பெரும்பாலும் நோய் இலேசாக வந்து போகும். சில வேளை கடுமையாகவும் வரும். ஆன் அம்மையார் ஆபிக்கும் சிறைக்காவலரின் பிள்ளைகளுக்கும் குத்தினார். விளையாட்டுகூடத் தடைபடாத அளவுக்கு அவர்களுக்கு அது இலேசாக வந்து போயிற்று. செய்தி ஊர் முழுவதும் பரவி, அதுவரை அம்மை காணாத பிள்ளைகள் அனைவரையும் பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த நோயைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று அவரே எழுதுகிறார். ஒரு ஊசியால் குத்தி, சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஆனால் தம் மகளின் கையில் குத்தியது மட்டும் பிடிக்கவில்லை. மூன்றரை மாதக் குழந்தைக்குப் பெரியம்மை இயற்கையாகவே தொற்றி, முழுவதும் தேறுவதற்கு மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவிலேயே தடுப்பு குத்திக்கொண்டிருந்த தாய்க்கும் கிட்டத்தட்ட நூறு கொப்புளங்கள் வந்தன.

கேள்வி: தாய்க்குப் பால் வற்றியபோது குழந்தை எப்படிப் பிழைத்தது?

அம்மையை அடுத்து ஆன் அம்மையாருக்குக் கடுமையான வயிற்று நோய் வந்தது. ஆவாவுக்கு வண்டியில் சென்று மருந்து எடுத்துக்கொண்டு உயிர் ஊசலாடும் நிலையில் திரும்பி வந்தவர், இரண்டு மாதங்களுக்கு மேல் பாயை விட்டு எழவில்லை. அந்த ஊரில் விலைக்குக்கூட ஒரு சொட்டுப் பால் கிடைக்கவில்லை, செவிலித்தாயும் கிடைக்கவில்லை. அப்போது காவலர்களுக்கு அன்பளிப்புக் கொடுத்து, ஜட்சனைச் சிறிது நேரம் வெளியே விட அனுமதி பெற்றார்கள். எலும்பும் தோலுமான மகளைக் கையில் ஏந்திக்கொண்டு, கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார் இருந்த வீடுகளுக்குச் சென்று, கொஞ்சம் பால் கொடுங்கள் என்று அவர் கேட்டார். இரவில் பால் கேட்டுக் குழந்தை அழும் சத்தமே தமக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்று தாய் எழுதுகிறார்.

அவுங்பின்லே ஏழை விவசாய ஊர். தங்கள் அரசரின் எதிரியென்று சங்கிலி போடப்பட்ட அந்நியனின் குழந்தைக்கு, தங்கள் பிள்ளைக்குப் போக மீதியைக் கொடுத்த அந்தத் தாய்மாரில் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. மரியாவைப் பற்றிப் பேசும்போது அவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: வங்காளச் சமையற்காரரைப் பற்றி வேறு என்ன தெரியும்?

சமையல் தவிர வேறு வேலை செய்தால் சாதி போய்விடும் என்று அஞ்சும் சமையற்காரர்களே அன்று பெரும்பாலோர். இவரோ சாதியையும் தம் பசியையும் மறந்து, விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடந்து, பல நாள் இரவு வரை தாம் சாப்பிடாமலேயே இவர்களுக்கு எல்லாம் செய்து கொடுத்தார். முணுமுணுத்ததும் இல்லை, சம்பளம் கேட்டதும் இல்லை. ஆன் அம்மையார் ஆவாவிலிருந்து திரும்பிய நாளில் அவருடைய உருவத்தைக் கண்டு அழுதுவிட்டவர் இவர். இந்தச் சமையற்காரரின் பெயரையும் கடிதம் குறிப்பிடவில்லை.

கேள்வி: விடுதலைக்குப் பிறகு குடும்பம் ஒன்றுசேர்ந்ததா?

உடனே சேரவில்லை. 1825 நவம்பரில் ஜட்சனைச் சிறையிலிருந்து எடுத்து, ஆங்கிலேயரோடு நடந்த சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்பிவிட்டார்கள். ஆவாவில் ஆன் அம்மையார் மூளையைத் தாக்கும் கொடிய காய்ச்சலில் விழுந்தார். அவர் நினைவிழக்கும் முன் அன்றைக்கே ஒரு பர்மியப் பெண் தானாக வந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எத்தனையோ முறை தேடியும் கிடைக்காத செவிலித்தாய் அந்த நாளில் வந்ததைத் தேவனுடைய செயலாகவே ஆன் அம்மையார் எண்ணினார். நானும் அப்படியே எண்ணுகிறேன்.

ஜட்சன் திரும்பி வந்தபோது வாசலில் நெருப்புச் சட்டியருகே ஒரு பர்மியப் பெண் அழுக்குப் படிந்த மெலிந்த குழந்தையை மடியில் வைத்திருந்தார் என்றும், அது தம் மகள் என்றே அவருக்குத் தோன்றவில்லை என்றும் சொல்லப்படுகிறது. இந்தக் காட்சியை விவரிப்பவர்கள் அழுக்கைத்தான் அதிகம் விவரிக்கிறார்கள். தாய் நினைவில்லாமல் கிடந்த அந்த வீட்டில் குழந்தை பட்டினி கிடக்கவில்லை என்பதை அல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

கேள்வி: ஆன் அம்மையாரும் மரியாவும் எப்போது இறந்தார்கள்? மனைவியை விட்டு ஜட்சன் ஏன் போனார்?

1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபோ உடன்படிக்கையோடு போர் முடிந்தது. குடும்பம் பிரிட்டிஷார் வசமான கடற்கரையில் புதிதாக உருவான ஆம்ஹர்ஸ்ட் நகருக்குச் சென்றது. அங்கே குடியேறிய சில நாளிலேயே ஜட்சன் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு மீண்டும் ஆவாவுக்குப் புறப்பட்டார். பர்மியர் விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமையை வணிக ஒப்பந்தத்தில் சேர்க்க முடியும் என்று அவருக்கு நம்பிக்கை தரப்பட்டிருந்தது. அது நடக்கவில்லை. அக்டோபர் 24 அன்று, 36 வயதில், கணவர் அருகில் இல்லாமல் ஆன் அம்மையார் காய்ச்சலால் இறந்தார்.

ஆவாவில் ஜட்சனிடம் கடிதத்தைக் கொடுத்தவர், குழந்தை இறந்துவிட்டதென்று சொல்லிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் இறந்தது மனைவி. 1827 ஜனவரியில் அவர் ஆம்ஹர்ஸ்ட் திரும்பியபோது சக மிஷனரி டெபோரா வேட் அம்மையாரின் கையிலிருந்த மரியா, தந்தையை அடையாளம் தெரியாமல் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏப்ரல் 24 அன்று, இரண்டு வயது மூன்று மாதத்தில், அவளும் இறந்தாள்.

அவர் போனது தவறா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை, மனைவியும் தடுக்கவில்லை. இருந்தாலும் இரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் எலும்பும் தோலுமாகத் தேறிய தாயையும் மகளையும் விட்டுவிட்டு அந்தத் தூதுக்குழுவோடு போக வேண்டிய அவசியம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஜட்சனின் மற்றப் பிள்ளைகள்?

1834-இல் அவர் மணந்த சாரா போர்ட்மன், ஊழியத்தில் கணவரை இழந்தவர். சாராவின் முதல் மணத்தில் பிறந்த மகன் ஜார்ஜை, பர்மாவின் தட்பவெப்பம் ஆகாதென்று ஆறு வயதில் அமெரிக்காவுக்குத் தனியே அனுப்பினார்கள். ஜட்சனுக்கும் சாராவுக்கும் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் ஐவர் பெரியவர்களானார்கள். 1845 ஏப்ரலில் நோயுற்ற சாராவை அழைத்துக்கொண்டு கப்பலேறியபோது மூத்த மூவரை உடன் கொண்டுபோய், இளைய மூவரைச் சக மிஷனரிகளிடம் விட்டார்கள். கடைக்குட்டி எட்வர்டுக்கு அப்போது நான்கு மாதம். சாரா செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். விட்டுவந்த பிள்ளைகளில் சார்லஸ் அதற்குச் சற்று முன்பே இறந்திருந்தான். எட்வர்டு பிழைத்து, பிற்காலத்தில் தந்தையின் வரலாற்றை எழுதினார். மூன்றாம் மனைவி எமிலிக்கு 1847-இல் ஒரு மகள் பிறந்தாள். 1850 ஏப்ரல் 12 அன்று ஜட்சன் கடலில் இறந்து பத்து நாளில் எமிலிக்குப் பிறந்த ஆண் குழந்தை அன்றே இறந்தது. கணவர் இறந்த செய்தி அவருக்கு எட்டியதோ ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து.

கேள்வி: இதைச் சிறுவர்களுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிறைக் கொடுமைகளின் விவரம் வேண்டாம். ஊர்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்திய நிகழ்ச்சியும், தந்தை வீடு வீடாகப் பால் கேட்ட நிகழ்ச்சியும் ஒரு வகுப்புக்குப் போதும். மரியா இறந்ததை மறைக்காதீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் பெரிய ஊழியம் நடப்பதற்காகத்தான் அவள் இறந்தாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு குழந்தையின் சாவுக்கு அப்படி ஒரு காரணத்தைக் கற்பிக்க நமக்கு வேதத்தில் இடமில்லை. பர்மியத் தாய்மாரையும் வங்காளச் சமையற்காரரையும் கதையின் நடுவிலேயே வையுங்கள். வரைபடம் காட்டுவதானால், ஆவா இன்றைய மண்டலே நகரத்துக்கு அருகிலும், ஆம்ஹர்ஸ்ட் தெற்கே மோல்மேனுக்குக் கீழே கியாய்க்காமி என்ற பெயரிலும் இருப்பதைக் காட்டலாம்.